97,780-ஐ வகுத்துப் பார்

கிருஷ்ணகிரி

அன்புள்ள கயலுக்கு,

நீ அனுப்பிய செய்தியைப் படித்தேன். பிரபஞ்சத்துக்கு வயது 1380 கோடி ஆண்டா, 2670 கோடியா என்று கேட்டிருக்கிறாய், கண்ணு. அந்தச் செய்தியில் இரண்டு வேறு வேறு தகராறுகளை ஒரே சட்டியில் போட்டுக் கிண்டிவிட்டார்கள். ஒன்று நூறு கோடி ஆண்டுத் தகராறு. ஆய்வாளர்கள் உண்மையிலேயே மண்டையை உடைத்துக்கொள்வது இதில்தான். 2670 கோடி என்பது தனிக்கதை. அதற்குக் கடைசியில் வருகிறேன்.

முதலில் கணக்கு. வயதை யாரும் நேராக அளப்பதில்லை. தூரத்தையும் வேகத்தையும் அளந்து, வகுத்து எடுக்கிறார்கள். ஒரு மெகாபார்செக், அதாவது 32.6 லட்சம் ஒளியாண்டு தள்ளியிருக்கும் கேலக்ஸி நொடிக்கு எத்தனை கிலோமீட்டர் விலகிப் போகிறது என்பதுதான் ஹப்பிள் மாறிலி. 97,780-ஐ அந்த எண்ணால் வகு. விடை கோடி ஆண்டுகளில் வரும். கிலோமீட்டரையும் நொடியையும் ஆண்டாக மாற்றும் வேலையெல்லாம் அந்த 97,780-க்குள்ளேயே அடங்கிவிட்டது.

ஆனால் அது முதல் விடைதான். கிருஷ்ணகிரியில் கிளம்பிய சேலம் பஸ் இப்போது தொப்பூர் இறக்கத்தில் போகிறது என்று வை. வந்த தூரத்தை இப்போதைய வேகத்தால் வகுத்தால் கிளம்பிய நேரம் சரியாக வருமா? டோல்கேட்டில் ஊர்ந்திருக்கும், இறக்கத்தில் வேகம் பிடித்திருக்கும். பிரபஞ்சமும் அப்படித்தான். ஆரம்பத்தில் பொருளின் ஈர்ப்பு பிரேக் போட்டது. கடந்த ஐந்நூறு, அறுநூறு கோடி ஆண்டாக இருண்ட ஆற்றல் என்ற, இன்னதென்று இன்னும் புரியாத ஒன்று அதை வேகப்படுத்துகிறது. பொருள் 31 சதவீதம், மீதி இருண்ட ஆற்றல் என்று எடுத்தால் பிரேக்கும் வேகமும் ஏறக்குறையச் சரிக்குச் சரியாகி, முதல் விடையை 0.95-ஆல் பெருக்கினால் போதும் என்று ஆகிறது. வெறும் பொருள் மட்டும் இருந்திருந்தால் மூன்றில் இரண்டு பங்குதான் மிஞ்சும். அந்த 0.95-ஐ விட்டுவிட்டு எழுதும் கட்டுரைகள் நிறைய வருகின்றன, ஏமாறாதே.

1929-ல் வானியலாளர் ஹப்பிளுக்குக் கிடைத்த எண் சுமார் 500. வகுத்துப் பார்: 196 கோடி ஆண்டு. நம் ஊரைச் சுற்றியுள்ள நைஸ் (gneiss) என்ற உருமாறிய பாறைகளின் வயது சுமார் 250 கோடி. அந்தக் கணக்குப்படி பிரபஞ்சத்தைவிட நம் ஊர்ப் பாறை மூத்தது! வேகத்தில் பிழையில்லை, தூரத்தில்தான் பிழை. செஃபீட் என்ற துடிக்கும் நட்சத்திரத்தின் துடிப்பை வைத்து அதன் அசல் பிரகாசத்தையும், அதிலிருந்து தூரத்தையும் கணிப்பார்கள். அவற்றில் இரண்டு வகை உண்டு. இரண்டையும் ஒன்றென்று எண்ணியதால் தூரம் பாதியாகக் குறைந்துபோனது. 1952-ல் வானியலாளர் வால்டர் பாடே அதைப் பிரித்துக் காட்டியதும் வயது ஒரேயடியாக இரண்டு மடங்கானது. பிறகும் சண்டை ஓயவில்லை. வானியலாளர்களில் சாண்டேஜ் 50 என்றார், டி வாக்குலர் 100 என்றார். வெறுமனே வகுத்தால் ஒருவர் கணக்கில் 1956 கோடி, மற்றவர் கணக்கில் 978 கோடி.

இப்போதைய தகராறு 67-க்கும் 73-க்கும் நடுவே. பிளாங்க் விண்கலம் நுண்ணலைப் பின்னணியை, அதாவது பிரபஞ்சம் பிறந்து 3,80,000 ஆண்டில் கிளம்பிய ஒளியை வரைபடமாக்கி, அதிலிருந்து 67.4 என்று கணக்கிட்டது. வகுத்தால் 1450, 0.95-ஆல் பெருக்கினால் 1378. ஆடம் ரீஸ் குழு ஏணி ஏறுவதுபோல் அளக்கிறது: பக்கத்துச் செஃபீடின் தூரம், அதைக்கொண்டு தூரத்துச் செஃபீட், அதைக்கொண்டு சூப்பர்நோவா, அதாவது வெடித்துச் சிதறும் நட்சத்திரம். அவர்களுக்கு 73. அதை வைத்தால் 1339, பெருக்கினால் 1272. இடையில் நூறு கோடிக்குச் சற்று மேல். இவ்வளவுதான் விவகாரம்.

ஏணியில் எங்கே தவறு வரலாம்? ராத்திரியில் கோட்டை மலைமேல் நின்று பைபாஸைப் பார்த்தால் தூரத்து லாரியின் இரண்டு விளக்கும் ஒன்றாகத் தெரியும். ஒரே விளக்கு என்று நம்பினால், இவ்வளவு பிரகாசமா, அப்படியானால் பக்கத்தில்தான் இருக்கிறது என்று நினைப்போம். செஃபீடின் ஒளியோடு பக்கத்து நட்சத்திரத்தின் ஒளி கலந்தாலும் அதே ஏமாற்றம்தான். தூரம் குறையும், மாறிலி கூடும், வயது குறையும். இதுதான் காரணம் என்று பலர் நம்பியிருந்தார்கள். ஜேம்ஸ் வெப் தொலைநோக்கி கூர்மையாகப் பார்த்த பிறகும் 73 அசையவில்லை. வெண்டி ஃப்ரீட்மன் குழு வேறு வகை நட்சத்திரங்களைக் கொண்டு 70 பக்கம் வருகிறது. என் கணிப்பு, ஏணியில் இன்னும் ஒரு சின்னப் பிழை ஒளிந்திருக்கிறது. ஆனால் பந்தயம் கட்டமாட்டேன்.

வகுத்தலே இல்லாத ஒரு வழியும் உண்டு. கோளக் கொத்து, அதாவது உருண்டையாகத் திரண்ட நட்சத்திரக் கூட்டம் ஒன்றில் உள்ள நட்சத்திரங்கள் பெரும்பாலும் ஒரே காலத்தில் பிறந்தவை. எடை கூடினால் சீக்கிரம் எரிந்து தீரும். எந்த எடைவரை தீர்ந்துவிட்டது என்று பார்த்தால் வயது தெரியும். பழைய கொத்துகளில் அது சூரியனின் எடையில் 0.8 பங்கு, வயது 1200 முதல் 1300 கோடி. இங்கேயும் தூரம் பத்து சதவீதம் பிசகினால் வயது இருபது சதவீதம் பிசகும். எச்.டி. 140283 என்ற நட்சத்திரத்துக்கு 2013-ல் 1446 கோடி என்று வந்தது. கூட்டல் கழித்தல் 80 கோடி என்ற பகுதியைப் பத்திரிகைகள் விழுங்கிவிட்டு "பிரபஞ்சத்தைவிட மூத்த நட்சத்திரம்" என்று போட்டன. பிறகு செய்த கணக்கில் அது 1200 கோடிப் பக்கம் இறங்கிவிட்டது.

இனி 2670. ஒட்டாவா பல்கலைக்கழகத்தின் ராஜேந்திர குப்தா 2023-ல் சொன்னது. வெப் காட்டிய தொடக்ககால கேலக்ஸிகள் வயதுக்கு மீறி வளர்ந்திருப்பது நிஜமான புதிர்தான். அதற்கு அவர் தரும் விடை: தூரத்துக் கேலக்ஸிகளின் ஒளி சிவப்பாவதில், அதாவது அதன் அலைநீளம் நீள்வதில், ஒரு பங்கு பிரபஞ்சத்தின் விரிவால் வந்ததல்ல, நெடுந்தூரம் வந்த களைப்பால்; இயற்கை மாறிலிகளும் காலப்போக்கில் மாறுகின்றன. சோதித்துப் பார்க்கலாம். விரிவால் வந்த சிவப்பு என்றால் அலைநீளம் இரட்டிக்கும் தூரத்தில் 20 நாள் மங்கும் சூப்பர்நோவா நமக்கு 40 நாள் மங்குவதாகத் தெரிய வேண்டும். களைப்பு ஒரு பங்கு என்றால் அந்த அளவுக்கு நீட்சி குறைய வேண்டும். டார்க் எனர்ஜி சர்வே குழு 1504 சூப்பர்நோவாக்களைப் பார்த்து 2024-ல் சொன்னது, முழு நீட்சியும் இருக்கிறது என்று. அதோடு, 2670 கோடி வயது என்றால் 2000 கோடி ஆண்டுப் பழைய நட்சத்திரம் ஒன்றாவது எங்காவது கண்ணில் படவேண்டாமா? எல்லாம் 1300-ஐ ஒட்டியே நின்றுவிடுகின்றன.

அந்தக் கிழடுகளில் ஒன்றை நீயே பார்க்கலாம். மே மாத நடுவில் வந்தால் இரவு பத்து மணி வாக்கில் நேர் தெற்கே, அடிவானத்திலிருந்து சுமார் 30 பாகை உயரத்தில், பஞ்சுத் துணுக்குபோல் ஒமேகா செண்டாரி என்ற கோளக் கொத்து தெரியும். ஊர் வெளிச்சத்தைத் தாண்டி நிற்க வேண்டும். பைனாகுலரை மறக்காமல் எடுத்து வா.

அன்புடன்,
அப்பா