மோர் கேட்டால் மயில்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தமிழுக்கும் உலக மொழிகளுக்கும் உள்ள ஒற்றுமை பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். கொரியாவிலும் அப்பா அப்பாதான், ஆங்கில ‘எய்ட்’ நம் எட்டிலிருந்து போனது, ‘கேஷ்’ என்பது காசுதான் என்று ஒரு நீண்ட பட்டியல். படிக்க ஜோராகத்தான் இருந்தது. ஆனால் எனக்கு ஒரு நீர்மோர்ப் பந்தல் ஞாபகத்துக்கு வந்துவிட்டது.

அறுபத்துமூவர் அன்று மயிலாப்பூரில் தெருவுக்குத் தெரு பந்தல் போட்டிருப்பார்கள். ஜெய்ப்பூரிலிருந்து மாற்றலாகி வந்திருந்த அலுவலக நண்பரைக் கூட்டிக்கொண்டு போயிருந்தேன். பையன்கள் ‘மோர், மோர்’ என்று கூவுகிறார்கள். இவரோ கழுத்தை நிமிர்த்தி மாடவீதி மொட்டைமாடிகளையே பார்த்துக்கொண்டு நிற்கிறார். இந்தியில் மோர் என்றால் மயில். அம்பாள் மயிலாக வந்து சிவனைப் பூசித்த ஊரில் ஒருவர் மயிலைத் தேடினால் அதைத் தப்பு என்று எப்படிச் சொல்வது? டம்ளர் கைக்கு வந்தபிறகுதான் மனிதருக்கு விஷயம் விளங்கியது.

அன்றிலிருந்து இந்தச் சொல்லை நான் விடவில்லை. குறில் நெடில் கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும். அதைப் பொறுத்துக்கொண்டால், துருக்கியில் மோர் ஊதா நிறம், வெல்ஷ் மொழியில் கடல், ருமேனிய மொழியில் ‘சாகிறேன்’. ஆங்கிலத்தில் ‘இன்னும்’ (பந்தலில் இரண்டாவது டம்ளருக்கு உதவும்). இவை எல்லாம் ஒரே சொல் என்று யாரும் சண்டைக்கு வருவதில்லை. உலகில் சுமார் 7,000 மொழிகள் இருக்கின்றன. வாயில் பிறக்கும் ஒலிகளோ கொஞ்சம். சின்னச் சொற்கள் ஒன்றோடொன்று முட்டிக்கொள்ளாமல் இருந்தால்தான் ஆச்சரியம். பொருள் வேறானால் சிரித்துவிட்டுப் போகிறோம். அதே தற்செயலில் பொருளும் ஒத்துப்போய்விட்டால் உடனே உறவு கொண்டாடக் கிளம்பிவிடுகிறோம்.

ஆஸ்திரேலியாவில் ம்பபரம் என்றொரு பழங்குடி மொழி இருந்தது. அதில் நாய்க்குப் பெயர் ‘டாக்’ போலவே ஒலிக்கும். வெள்ளைக்காரரிடம் வாங்கியது இல்லை. பக்கத்து மொழியில் ‘குடக’ என்று வழங்கும் சொல்தான் அங்கே தேய்ந்து தேய்ந்து இப்படி ஆகியிருக்கிறது.

எட்டும் இதே கதைதான். எண்பது, எண்ணூறு என்கிறோமே, அந்த ‘எண்’தான் அதன் வேர். தெலுங்கில் எனிமிதி. ஆங்கிலச் சொல்லைப் பின்னோக்கிப் பிடித்துக்கொண்டு போனால் ஜெர்மன் ‘ஆக்ட்’, லத்தீன் ‘ஆக்டோ’, சமஸ்கிருத ‘அஷ்ட’ என்ற கூட்டத்தில் போய் நிற்கும். உறவு என்றால் பழைய வடிவங்கள் நெருங்கி வர வேண்டும். இங்கே போகப் போக விலகுகின்றன.

கேஷ் விஷயத்தில் கட்டுரையாளர் பாதி சரி. ஆங்கிலத்தில் கேஷ் இரண்டு உண்டு. கீழை நாட்டுச் சில்லறை நாணயத்துக்கு வைத்த பெயர் நம் காசுதான், போர்த்துகீசியர் வாய்வழியாகப் போனது. ரொக்கத்தைக் குறிக்கும் கேஷ் வேறு. பணப்பெட்டியைக் குறித்த பிரெஞ்சுச் சொல்லிலிருந்து வந்தது, அதற்கும் மூலம் லத்தீன். நம் வீட்டுப் பிள்ளையும் பக்கத்து வீட்டுப் பிள்ளையும் ஒரே சட்டை போட்டுக்கொண்டு நிற்கிறார்கள், அவ்வளவுதான்.

அப்புறம் அப்பா. பேச ஆரம்பிக்கும் குழந்தைக்கு உதடு ஒட்டும் ஒலிகள் சீக்கிரம் வரும் என்பதால் அப்பா, அம்மா போன்ற சொற்கள் எங்கேயும் முளைக்கும். ஜார்ஜிய மொழியில் ‘மாமா’ என்றால் அப்பா! நம் வீட்டில் யாராவது அப்படிக் கூப்பிட்டால் வம்பாகிவிடும்.

தமிழிலிருந்து வெளியே போன சொற்களுக்குப் பஞ்சமே இல்லை. மலாய்க்காரர்கள் கப்பலை ‘கபால்’ என்றும் கடையை ‘கெடை’ என்றும் இன்றும் சொல்கிறார்கள்; கடல் வணிகம் நடந்த வழியும் தெரிந்ததுதான். அடுத்த பட்டியலில் அவற்றையும் கட்டுமரத்தையும் சுருட்டையும் போடுங்கள். எட்டையும் அப்பாவையும் எடுத்துவிடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
மயிலாப்பூர், சென்னை-4