கட்டடப் பொருள் அளவு, செலவு: ஞாயிறு கூட்டம்

அனைவருக்கும் வணக்கம். நம் வழிபாட்டுக் கூடத்தின் அடித்தளம் முடிந்து தூண் வேலை தொடங்குகிறது. வரும் ஞாயிறு காலை 10 மணிக்கு, கட்டும் இடத்திலேயே, வாங்கிய அளவையும் செலவையும் மதிப்பீட்டோடு ஒப்பிட்டுப் பார்க்கிறோம்.

போன வாரம் வந்த மணல் லோடு நடுவில் குவிந்து நிறைய இருப்பது போலத் தெரிந்தது. நிரவி டேப் வைத்தால் சீட்டில் எழுதிய அளவு இல்லை. அத்தனையும் காணிக்கைப் பணம், மனசு கேட்கவில்லை.

1. லோடு இறங்கும்முன் இருவர் நின்று, மணலை நிரவி, நாலைந்து இடத்தில் உயரம் எடுங்கள். ஈர மணல் உப்பிக் காட்டும், கால் பங்கு வரைகூட.
2. கம்பியை எடை போட்டே வாங்குவோம். 12 மி.மீ. கம்பி மீட்டருக்குச் சுமார் 0.89 கிலோ வர வேண்டும்.
3. சிமென்ட் மூட்டை வரவு, செலவு, இருப்பு அன்றன்றே நோட்டில் ஏற வேண்டும்.
4. வரைபடத்தில் இல்லாத வேலை, அது எவ்வளவு அழகாக இருந்தாலும் சரி, குழு கையெழுத்துக்குப் பிறகே.

லோடு நாளில் நிற்க முடிந்தவர்கள் வெள்ளி இரவுக்குள் பெயரும் நேரமும் இங்கே போடுங்கள். கூட்டத்துக்கு வருவோர் 'வருகிறேன்' என்றால் போதும்.