அந்தப் பொத்தான் யாருடையது?

அன்பு மகளுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. புகுமுக வகுப்பில் ஆங்கில இலக்கியத்தைத் தேர்ந்தெடுத்ததற்காக நீ வருந்தவில்லை என்று படித்ததும் மனம் நிறைந்தது. ஆனால் ஷேக்ஸ்பியரின் ‘கிங் லியர்’ நாடகத்தைத் தொடுவதற்கு முன்பே வழிகாட்டி நூல்களைப் படித்து முடித்துவிடலாமா என்று நீ கேட்டிருந்தாயே, அதற்காகத்தான் உடனே எழுத உட்கார்ந்தேன். வேண்டாம் அம்மா. முதலில் நாடகத்தைப் படி. அதையும் வாய்விட்டுப் படி.

உன் வயதில் இதே நாடகம் எனக்கும் பாடமாக இருந்தது. லியரின் குணநலன்கள், கிளைக்கதையின் பயன், புயல் காட்சியின் உட்பொருள் என்று குறிப்புகளைத் தலைப்பு வாரியாக ஒப்பிப்பேன். தேர்வில் ஒரு பகுதியை மட்டும் கொடுத்து அதன் சொல்லாட்சியை விளக்கச் சொன்னபோது, நானாகச் சொல்ல என்னிடம் ஒரு வரிகூட இல்லை. அந்த வெறுமை உனக்கு வரக்கூடாது.

இறுதிக் காட்சியை எடுத்துக்கொள். இறந்துபோன மகள் கார்டீலியாவைக் கைகளில் ஏந்தி வந்த அரசன் லியர், நாய்க்கும் குதிரைக்கும் எலிக்கும் உயிர் இருக்க, உனக்கு மட்டும் ஏன் மூச்சில்லை என்று கேட்கிறான். இனி நீ வரமாட்டாய் என்கிறான். பிறகு ‘ஒருபோதும் இல்லை’ என்று பொருள்படும் ‘நெவர்’ என்ற ஒரே சொல்லை ஐந்து முறை சொல்கிறான். அடி முழுவதும் அந்தச் சொல் மட்டும்தான். நாம் குறில், நெடில், ஒற்று பார்த்து நேர், நிரை என்று அலகிடுகிறோம்; ஆங்கில யாப்பில் ஒலியழுத்தமே கணக்கு. ஷேக்ஸ்பியரின் வழக்கமான அடியில் மெல்லிய அசையை அடுத்து அழுத்தமான அசை என ஐந்து இணைகள் வரும். ‘நெவர்’ என்பதிலோ அழுத்தம் முதலில் விழுவதால், அந்த அடி தொடக்கம் முதல் இறுதிவரை தலைகீழாகப் புரண்டுவிடுகிறது. உரக்கச் சொல்லிப் பார்த்தால்தான் அந்தப் புரட்டல் காதில் விழும்.

அடுத்த அடியில், அருகில் நிற்பவரிடம், இந்தப் பொத்தானைக் கழற்றிவிடுங்கள் என்று கேட்டுக்கொண்டு, நன்றி ஐயா என்றும் சொல்கிறான். முதல் காட்சியில் நாட்டையே பங்கிட்டு ஆணையிட்டவன் அவன். அந்தப் பொத்தான் யாருடையது? மூச்சுத் திணறும் அவனுடைய சட்டையிலா, மூச்சில்லாத அவளுடைய உடையிலா? நாடகம் சொல்வதில்லை. இப்படிப்பட்ட இடங்களில்தான் உன் விடைக்கு உயிர் இருக்கிறது. ஒரு சிறு மேற்கோளை எடுத்து, ஏன் இந்தச் சொல், ஏன் இந்த இடத்தில் என்று நீயே வாதிடு. பக்கம் பக்கமாகக் கதைச்சுருக்கம் எழுதாதே. முன்பின் பார்த்திராத கவிதையைக் கொடுத்து எழுதச் சொல்லும் தாளுக்கும் இந்தப் பழக்கமே போதும்.

விமர்சனங்களை ஒதுக்கச் சொல்லவில்லை. அவை உன் வாசிப்புக்குப் பிறகு வரட்டும். 1608ஆம் ஆண்டுப் பதிப்பில் அந்த அடியில் மூன்று ‘நெவர்’கள்தான், 1623ஆம் ஆண்டு வந்த ஷேக்ஸ்பியர் நாடகத் தொகுப்பில்தான் ஐந்து. 1681இல் நஹூம் டேட் என்ற கவிஞர் முடிவையே மாற்றி கார்டீலியாவைப் பிழைக்க வைத்தார். ஏறத்தாழ ஒன்றரை நூற்றாண்டுக் காலம் ஆங்கில மேடையில் அந்த வடிவமே செல்வாக்குடன் இருந்தது. பதினெட்டாம் நூற்றாண்டு விமர்சகர் சாமுவேல் ஜான்சனோ, பதிப்பாசிரியராகத் திருத்த நேரும்வரை இறுதிக் காட்சிகளை மறுபடி படிக்கத் தம் மனம் துணியவில்லை என்று எழுதினார். அந்த ஐந்து சொற்களை நீயே ஒருமுறை சொல்லிப் பார்த்த பிறகு இவற்றைப் படித்தால், அவர்கள் எதைத் தாங்க முடியாமல் தவித்தார்கள் என்பது உனக்கே விளங்கும்.

இந்த வாரம் அந்தக் காட்சியை இரண்டு முறை படி. பொத்தான் யாருடையது என்று உனக்குத் தோன்றுகிறது, எந்தச் சொல்லை வைத்து அப்படித் தோன்றுகிறது என்று எனக்கு எழுது. என் எண்ணத்தை அதற்குப் பிறகு சொல்கிறேன்.

அன்புடன்,
அம்மா