பைக்குக்கு கார் ஆயில் கூடாது

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். எஞ்சின் ஆயில் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையில், கிரேடு (ஆயிலின் தடிப்பைக் குறிக்கும் எண்) ஒன்றாக இருந்தால் காருக்கு வாங்கும் ஆயிலையே பைக்குக்கும் ஊற்றலாம் என்று ஒரு வரி இருக்கிறது. அது தவறு. அதை நம்பி ஊற்றினால் முதலில் அடிவாங்குவது கிளட்ச் பிளேட்தான். தயவுசெய்து அடுத்த இதழில் திருத்தம் வெளியிடுங்கள்.

மேனுவல் கியர் கார்களில் பெரும்பாலும் எஞ்சின் ஆயில் எஞ்சினுக்கு மட்டும்தான். கியர்பாக்ஸுக்குத் தனி ஆயில். கிளட்ச் ஆயிலே படாமல் காய்ந்த நிலையில் வேலை செய்யும். நான்கு ஸ்ட்ரோக் பைக்குகளில் பெரும்பாலானவற்றில் பிஸ்டன், கியர், கிளட்ச் மூன்றுக்கும் ஒரே ஆயில். கிளட்ச் பிளேட்டுகள் அந்த ஆயிலில் ஊறியபடியே ஒன்றையொன்று கவ்விப் பிடிக்க வேண்டும். கார் ஆயிலில், அதுவும் 0டபிள்யூ-20, 5டபிள்யூ-30 போன்ற மெல்லிய கிரேடுகளில், மைலேஜ் கூடுவதற்காக உராய்வைக் குறைக்கும் ஃப்ரிக்‌ஷன் மாடிஃபையர் சேர்க்கிறார்கள். எஞ்சினுக்கு அது நல்லது, கிளட்ச்சுக்கு வழுக்கல். கேனில் ஏபிஐ (அமெரிக்கப் பெட்ரோலியக் கழகம்) வட்ட முத்திரையின் கீழ்ப்பாதியில் 'ரிசோர்ஸ் கன்சர்விங்' அல்லது 'எனர்ஜி கன்சர்விங்' என்று இருந்தால், ஈரக் கிளட்ச் (ஆயிலில் ஊறும் கிளட்ச்) உள்ள பைக்குக்கு அந்த ஆயில் வேண்டாம்.

பைக் ஆயிலில் பார்க்க வேண்டியது, ஜப்பானிய வாகனத் தர அமைப்பான ஜாசோவின் முத்திரை. கேனின் பின்பக்கம் சிறிய பெட்டி ஒன்று இருக்கும். அதில் 'எம்' என்ற எழுத்தில் தொடங்கும் பதிவு எண்ணும், எம்ஏ, எம்ஏ1, எம்ஏ2, எம்பி ஆகியவற்றில் ஒன்றும் அச்சாகியிருக்கும். ஜப்பானின் ஜாசோ டி903 தரம் 1998-இல் வந்ததே இந்தக் கிளட்ச் தொல்லைக்காகத்தான். எம்ஏ2-வில் பிடிப்பு அதிகம், எம்ஏ1-இல் அதைவிடக் குறைவு. எம்பி-யில் எல்லாவற்றையும்விடக் குறைவு. கிளட்ச்சில் ஆயில் படாத ஆட்டோமேட்டிக் ஸ்கூட்டர்களுக்கானது அது. ஸ்கூட்டரில் எம்ஏ ஆயில் ஊற்றினால் பெரிய கேடு ஒன்றும் வராது, மைலேஜ் லேசாகக் குறையலாம். ஸ்கூட்டருக்கு வாங்கி மிச்சமான எம்பி ஆயிலை பைக்கில் ஊற்றுவதுதான் ஆபத்து. வீட்டில் இரண்டு வண்டியும் இருப்பவர்கள் கேனின் மேல் பேனாவால் எழுதி வைப்பது நல்லது.

கிளட்ச் வழுக்குவதற்கு ஃபுல் சிந்தெடிக் ஆயில்தான் காரணம் என்ற பேச்சையும் அடிக்கடி கேட்கிறோம். எம்ஏ2 முத்திரையுள்ள சிந்தெடிக்கில் வழுக்காது. முத்திரை இல்லாத மினரல் ஆயிலிலும் வழுக்கலாம். வழுக்கலை முடிவுசெய்வது உள்ளே சேர்க்கும் மருந்து.

கிரேடு விஷயத்தில் 'கெட்டியான ஆயில்தான் எஞ்சினுக்குப் பாதுகாப்பு' என்ற எண்ணம் பலரிடம் ஊறிக்கிடக்கிறது. 100 டிகிரி வெப்பத்தில் 40 கிரேடு ஆயிலின் (கிரேடில் கோட்டுக்குப் பின் 40 என்று வருவது) பாகுத்தன்மை, அதாவது தடிப்பு, 12.5 முதல் 16.3 சென்டிஸ்டோக்குக்குள், 50 கிரேடுக்கு 16.3 முதல் 21.9-க்குள். 10டபிள்யூ-30 கேட்கும் எஞ்சினில் பேரிங் இடைவெளியும் ஆயில் பம்ப்பும் அந்த மெல்லிய ஆயிலுக்கென்றே அமைத்தவை. அதில் 20டபிள்யூ-50 ஊற்றினால் காலையில் ஸ்டார்ட் செய்ததும் ஆயில் மேலே வால்வுகளை இயக்கும் கேம் வரைக்கும் போய்ச் சேரத் தாமதமாகும். தேய்மானம் அதிகம் நடப்பது அந்த நேரத்தில்தான். எண்ணெய் குடிக்கும் பழைய எஞ்சினில், வண்டியின் மேனுவல் புத்தகம் அனுமதிக்கும் எல்லைக்குள் ஒரு படி கெட்டியாகப் போவதில் நியாயம் உண்டு. புது வண்டியில் அப்படிச் செய்யக் காரணமே இல்லை.

எந்த ஆயிலும் பைக்கில் போகப்போக மெலியும். ஆயிலின் தடிப்பைக் காக்கும் பாலிமர் இழைகளை கியர் பற்கள் நசுக்கி அறுத்துவிடும். 40 கிரேடாக ஊற்றியது நாளடைவில் 30-ஐ நெருங்கும். கியர் மாற்றும்போது கடகடப்பதும், நியூட்ரல் சிக்காமல் போவதும் பெரும்பாலும் அதற்கு அறிகுறி. நிறம் கறுத்ததை மட்டும் வைத்து ஆயில் கெட்டுவிட்டது என்று சொல்ல முடியாது. கரியைத் தன்னிடம் பிடித்து வைத்திருப்பதும் ஆயிலின் வேலைதான்.

ஆயில் எந்தத் தலைமுறை என்று காட்டும் ஏபிஐ எழுத்துகளில் எஸ்எல் 2001, எஸ்எம் 2004, எஸ்என் 2010, எஸ்பி 2020 என்று வரிசை. மேனுவலில் சொன்னதற்குப் பிந்தையதை ஊற்றலாம், ஜாசோ முத்திரை கூடவே இருக்க வேண்டும். எஸ்எம்-இலிருந்து, மெல்லிய கிரேடு கார் ஆயிலில் பாஸ்பரஸ் 0.08 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது. கேமையும் கியரையும் காப்பதே அந்தப் பாஸ்பரஸ் சேர்மம் என்பதால், ஜாசோ 0.08 முதல் 0.12 சதவீதம் வரை கேட்கிறது.

சரியான ஆயிலை வாங்கிய பிறகும் ஊற்றுவதில் தவறு நடக்கிறது. 1 லிட்டர் கேனை அப்படியே கவிழ்த்துவிடுகிறார்கள். சிறிய பைக்குகள் பலவற்றுக்கு ஆயில் மாற்றும்போது அதைவிடக் குறைவாகவே பிடிக்கும். மேனுவலில் ஆயில் மாற்றும்போது ஒன்று, ஃபில்டரும் மாற்றினால் ஒன்று, எஞ்சினைப் பிரித்து மாட்டினால் ஒன்று என்று தனித்தனி அளவு இருக்கும். எவ்வளவு வடித்தாலும் உள்ளே கொஞ்சம் தங்கிவிடும் என்பதுதான் காரணம். கூடுதல் ஆயில் நுரைத்து, எஞ்சினுக்குள் சேரும் காற்றை வெளியேற்றும் பிரீதர் குழாய் வழியே ஏர் ஃபில்டரை நனைத்துவிடும்.

ஃபில்டர் மாற்றும்போது பழைய ஓ-ரிங் (ரப்பர் வளையம்) மூடியிலேயே ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். அதன் மேலேயே புதிதைப் போட்டால் கசியும். பல காகித ஃபில்டர்களில் 'அவுட் சைடு' என்று எழுதிய முகம் உண்டு. அது வெளியே பார்க்க வேண்டும். திருப்பி மாட்டினால் ஆயில் ஓட்டம் அடைபட்டு எஞ்சினே இறுகி நின்றுவிடும். ட்ரெயின் போல்ட்டுக்கு ஒவ்வொரு முறையும் புது வாஷர் போடுங்கள்.

மட்டம் பார்ப்பதற்கு வண்டி நேராக நிற்க வேண்டும். மூன்று நிமிடம் ஐடிலில் ஓடவிட்டு, நிறுத்தி, இரண்டு மூன்று நிமிடம் கழித்துப் பார்க்க வேண்டும். டிப்ஸ்டிக்கை (மட்டம் பார்க்கும் குச்சி) பல மாடல்களில் திருகாமல் துளையில் சும்மா வைத்து எடுக்க வேண்டும். திருகிவிட்டால் இருப்பதைவிட அதிகமாகக் காட்டும்.

டாப் கியரில் ஆக்சிலரேட்டரைத் திருகும்போது எஞ்சின் சத்தம் மட்டும் ஏறி, வேகம் ஏறாவிட்டால் கிளட்ச் வழுக்குகிறது. ஆயிலைக் குறைசொல்லும் முன் லீவர் முனையில் 10 முதல் 20 மில்லிமீட்டர் ஆட்டம் இருக்கிறதா என்று பாருங்கள். கேபிள் இழுத்துப் பிடித்திருந்தாலும் இதே அறிகுறிதான் வரும். கேபிள் சரியாக இருந்து, ஆயில்தான் தவறு என்றால், எம்ஏ2 ஊற்றிச் சிறிது தூரம் ஓட்டி இன்னொரு முறை மாற்றினால் பல நேரம் சரியாகிவிடும். பிளேட் கருகியிருந்தால் மாற்றத்தான் வேண்டும். புதுப் பிளேட்டுகளை மாட்டும் முன் ஆயிலில் ஊறவைக்க வேண்டும்.

கார்புரேட்டர் வண்டியில் ஊற்றாமலேயே ஆயில் மட்டம் ஏறி, டிப்ஸ்டிக்கில் பெட்ரோல் வாடை வந்தால், கார்புரேட்டருக்குள் பெட்ரோல் வரத்தை நிறுத்தும் ஃப்ளோட் ஊசி சரியாக அடைக்கவில்லை என்று சந்தேகிக்கலாம். எம்ஏ2 ஆயிலே ஆனாலும் பெட்ரோல் கலந்தால் நீர்த்துவிடும். அப்படியே ஓட்டாமல் ஊசியை முதலில் சரிசெய்து, பிறகு ஆயிலை மாற்றுங்கள்.

இப்படிக்கு,
இருசக்கர வாகனப் பராமரிப்பில் ஈடுபட்டுள்ள ஒரு வாசகர்