செவலைக்கு நாள் நெருங்குகிறது

அன்புள்ள தம்பிக்கு,

அப்பா எழுதிக்கொள்வது. இங்கு நான், அம்மா, தங்கச்சி, நம் சினைக்குதிரை செவலை எல்லோரும் நலம். அங்கே உன் நலம் அறிய ஆவல். நீ போன் பேசி 42 நாள் ஆகிறது. வேலை இருக்கும், அதைக் குறை சொல்ல எழுதவில்லை. தெற்குத்தெருப் பையன் லீவு முடிந்து நாளை புறப்படுகிறான், அவன் கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன். வந்த அன்றே உன்னைப் பற்றி ஏதோ சொல்ல ஆரம்பித்தான். அம்மா காபி எடுத்துக்கொண்டு வந்ததும் பேச்சை மாற்றிவிட்டான். நானும் பிறகு கேட்கவில்லை.

செவலைக்குப் பதினோராம் மாதம் நடக்கிறது. சேர்த்தது புரட்டாசி முதல் வாரம். 340 நாள் கணக்கு வைத்தால் ஆவணி இரண்டாம் வாரம். 320 நாளிலும் போடும், 365-ஐத் தாண்டியும் இழுக்கும், அதனால் நாளை நம்பாதே, மடியைப் பார். மடி இறங்க ஆரம்பித்துவிட்டது. இனி வால் அடியில் சதை தளரும். காம்பு நுனியில் மெழுகு மாதிரி கட்டினால் ஒன்றிரண்டு நாளில் போட்டுவிடும். போடுவது ராத்திரியில்தான். விடிவதற்குள் குட்டி எழுந்து கூட்டத்தோடு ஓடினால்தான் பிழைப்பு என்று காட்டில் இருந்தபோது வந்த பழக்கம், லாயத்துக்கு வந்தும் விடவில்லை.

போன தடவை பேசும்போது உன்னைச் சினைக்குதிரைகள் பக்கம் மாற்றியிருப்பதாகச் சொன்னாய். சந்தோஷம். நம்பாத ஆளிடம் அந்த வேலையைக் கொடுக்கமாட்டார்கள். ஆனால் ஒன்று. குட்டி போட்ட தாய், நேற்றுவரை உன் சட்டைப்பையில் வெல்லம் தேடிய குதிரையாக இருந்தாலும், அன்றைக்கு உன்னைத் தெரியாத மாதிரிதான் பார்க்கும். தாய்க்கும் குட்டிக்கும் நடுவே போகாதே. பின்னால் நிற்காதே. குதிரைக்கு ஏறக்குறைய சுற்றுமுற்றும் கண் தெரியும், மூக்குக்கு நேர் முன்னாலும் வாலுக்கு நேர் பின்னாலும் மட்டும் தெரியாது. இடது தோள் பக்கமாகக் குரல் கொடுத்துக்கொண்டு போ. பின்பக்கம் கடக்கவேண்டியிருந்தால் கையைப் பின்தொடையில் வைத்து ஒட்டிப் போ, இல்லாவிட்டால் பத்தடி தள்ளிப் போ. மூன்றடி தூரம்தான் ஆபத்து, கால் முழு வீச்சில் வந்து விழுகிற இடம் அது. உனக்குத் தெரியாததில்லை. தெரிந்தவனுக்குத்தான் படும்.

இங்கே தீவனம் முறையாகத்தான் போகிறது. 350 கிலோ உடம்புக்கு நாளைக்கு ஏழு கிலோ, அதில் பெரும்பங்கு காய்ந்த புல். கொள்ளு ஒன்றரைக் கிலோவை ஊறவைத்து அவித்து இரண்டு வேளையாக வைக்கிறேன். தவிடு ஒரு கை அளவுதான். உன் சித்தப்பா வாளி வாளியாகத் தவிடு போடச் சொல்கிறார். தவிட்டில் பாஸ்பரஸ் அதிகம், சுண்ணாம்புச்சத்து குறைவு. அதையே கொட்டினால் உடம்பு எலும்பிலிருந்து சுண்ணாம்பை உருவும், முகத்து எலும்பு வீங்கும். வயிற்றில் குட்டி பெரும்பாலும் வளர்வது இந்தக் கடைசி மாதங்களில்தான். சொன்னால் கேட்கிற ஆளா அவர்? ஆழ்துளைத் தண்ணீர் இந்தக் கோடையில் இன்னும் உப்பாகிவிட்டது, செவலை முகர்ந்துவிட்டுத் திரும்பிக்கொள்கிறாள். தண்ணீர் குறைந்தால் குடலில் சாணம் காய்ந்து கட்டிக்கொள்ளும். லாரித் தண்ணீர்தான் வாங்குகிறேன், நாளைக்கு நாற்பது லிட்டர்.

மணலை நினைத்துத்தான் எனக்குப் பயம். புல்லைத் தரையில் போட்டால் ஒவ்வொரு வாய்க்கும் கொஞ்சம் மணல் உள்ளே போகும், குடல் அடியில் தங்கும். குதிரையால் வாந்தி எடுக்க முடியாது, போனது அந்தப் பக்கமாகத்தான் வெளியேறவேண்டும். வாரத்துக்கு ஒரு நாள் தரையில் படாத சாணம் ஐந்தாறு உருண்டை எடுத்து வாளித் தண்ணீரில் கரைத்துக் கால்மணி நேரம் விட்டு, மெல்லச் சாய்த்துப் பார்க்கிறேன். அடியில் நறநறவென்று நிற்பதுதான் கணக்கு. போன வாரம் ஒரு ஸ்பூனுக்கு மேல் இருந்தது. தொட்டிக்கு அடியில் ரப்பர் விரிப்புப் போட்டுவிட்டேன், டாக்டரைக் கேட்டு இசப்கோல் கொடுக்கிறேன். அய்யனார் கோயில் மண்குதிரைக்கு வயிற்றுவலி கிடையாது, நம்முடையதுக்கு உண்டு. வலி வந்து விலாவைத் திரும்பித் திரும்பிப் பார்த்தால், தரையைக் கீறினால், தீவனத்தை எடுத்துவிட்டு டாக்டரைக் கூப்பிடவேண்டும். போத்தலில் எண்ணெய் ஊற்றுகிற வேலை மட்டும் கூடாது, நுரையீரலுக்குப் போய்விடும். அங்கேயும் மணல்தான், கவனம். குனியும்போதும் கவனம், பின்னால் நிற்காதே.

தங்கச்சி போனில் படித்துச் சொன்னாள். இன்றைக்கு உலகத்தில் வீட்டில் வளர்கிற குதிரை எல்லாம் சுமார் 4,200 வருஷத்துக்கு முன்னால் ரஷ்யப் பக்கம் வோல்கா, தோன் ஆற்றுப் புல்வெளியில் பழக்கின குதிரைகளின் வம்சமாம். 2021-ல் மரபணுவைப் பார்த்துக் கண்டுபிடித்திருக்கிறார்கள். முதுகு வலுவும் சாந்த குணமும் பார்த்துப் பார்த்துப் பொறுக்கினதாம். பிறகு 700 வருஷத்துக்கு முன்னால் நீ இருக்கிற அந்த அரபுக் கரையிலிருந்துதான் பாண்டியருக்குக் கப்பல் கப்பலாகக் குதிரை வந்தது. பராமரிக்கத் தெரியாமல் இங்கே வருஷா வருஷம் சாகவிட்டார்கள், சோற்றோடு இறைச்சி வைத்தார்கள் என்று மார்க்கோ போலோ எழுதி வைத்துவிட்டுப் போனான். இப்போது அவர்கள் குதிரையைப் பார்த்துக்கொள்ள இந்தக் கரையிலிருந்து ஆள் போகிறது. டீக்கடையில் இதைச் சொல்லும்போது என் மகனைத்தான் சொல்கிறேன் என்று எல்லோருக்கும் தெரியும். அந்த மகன்தான் 42 நாளாகப் பேசவில்லை.

குட்டி போடும் நேரம் உனக்கு மறந்திருக்காது, இருந்தாலும் எழுதுகிறேன். பனிக்குடம் உடைந்து அரைமணி நேரத்துக்குள் குட்டி வெளியே வரவேண்டும். முன்னங்கால் இரண்டும் ஒன்று சற்று முந்தி, குளம்பு அடிப்பக்கம் கீழ்நோக்கி, மேலே மூக்கு. அப்படி வராவிட்டால் இழுக்காதே, டாக்டர்தான். வெள்ளைப் பைக்குப் பதில் வெல்வெட் மாதிரி சிவப்புப் பை தெரிந்தால் மட்டும் டாக்டர் வரும்வரை காக்கக் கூடாது, உடனே கிழிக்கவேண்டும், உள்ளே குட்டிக்கு மூச்சு போகவில்லை என்று அர்த்தம். தொப்புள்கொடியை அறுக்காதே, தாய் எழும்போது தானே அறும். தொப்புளுக்குத் தண்ணீர் கலந்த மருந்துதான், கெட்டி அயோடின் தோலைச் சுட்டுவிடும். ஒரு மணியில் நிற்கணும், இரண்டு மணியில் குடிக்கணும், மூன்று மணியில் நஞ்சுக்கொடி விழணும்.

குடிப்பது என்றால் சீம்பால். மனுஷக் குழந்தைக்கு வயிற்றிலேயே தாயின் எதிர்ப்புச் சக்தி கொஞ்சம் சேரும். குதிரைக்குட்டிக்கு அது கிடையாது, வெறும் கையோடு பிறக்கும். முழுக்கச் சீம்பாலில்தான் வரணும், அதுவும் முதல் ஆறேழு மணி நேரத்தில். ஒரு நாள் தாண்டினால் குடல் அதை உள்ளே விடாது. பால் மஞ்சளாக, விரலில் ஒட்டுகிற பதமாக இருக்கவேண்டும். ஈனுவதற்கு முன்பே காம்பில் சொட்டிக்கொண்டிருந்தால் அது நல்ல அறிகுறி இல்லை. சீம்பால்தான் மண்ணில் போகிறது. டாக்டரைக் கேட்டுச் சுத்தமான போத்தலில் பிடித்து உறைய வைக்கணும், வெதுவெதுப்பான நீரில் இளக்கிப் புட்டியில் கொடுக்கணும், கொதிக்க வைத்தால் வீண். நம்ம அளவுக் குட்டிக்குக் கால் லிட்டர் கால் லிட்டராக மொத்தம் ஒரு லிட்டராவது போகணும்.

செவலையின் தாய் அப்படித்தான் மூன்று நாள் சொட்டினாள். நீ பிளஸ் டூ படித்த வருஷம். நான் அதைப் பார்த்தேன். பால் நிறைய இருக்கிறது என்று பெருமையாக அம்மாவிடம்கூடச் சொன்னேன். குட்டி எழுந்தது, குடித்தது, ஆனால் குடித்தது வெறும் பால். ஐந்தாம் நாள் முன்னங்கால் முட்டி வீங்கியது, எட்டாம் நாள் போய்விட்டது. தொப்புளுக்கு நீ சரியாக மருந்து வைக்கவில்லை என்று தெருவே கேட்கச் சொன்னேன். அந்த வாரமே டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, சீம்பால் இல்லாததுதான் காரணம், பையன் மேல் தப்பில்லை என்றார். அதை உன்னிடம் நான் சொல்லவே இல்லை. நீ இரண்டு நாள் சாப்பிடாமல் லாயத்தில் படுத்திருந்தாய், அப்போதும் சொல்லவில்லை. பதினோரு வருஷம் ஆகிறது. ஏதாவது அடிபட்டால் முதலில் உன்னைத்தான் திட்டுவேன் என்று நீ நினைத்திருந்தால், அப்படி நினைக்க வைத்தது நான்தான்.

இந்தக் குட்டியை எல்கைப் பந்தயத்துக்கு, அதுதான் குதிரைவண்டிப் பந்தயத்துக்கு, இப்போதே ஆள் கேட்கிறது. ஆறு மாதத்தில் பால் மறக்கடிக்கலாம். பாரம் மூன்று வயதுக்கு முன் கிடையாது. முதுகெலும்பு கூடுவதற்கு ஐந்தரை, ஆறு வயது ஆகும். யார் கேட்டாலும் நீ வந்து பார்க்காமல் கொடுக்கமாட்டேன்.

மெழுகு கட்டிய அன்று ராத்திரி மிஸ்டு கால் கொடுப்பேன். அங்கே மணி நம்மைவிட ஒன்றரை மணி பின்னால் என்று தங்கச்சி சொன்னாள், நீ முழித்திருப்பாய்.

இப்படிக்கு,
அப்பா

பி.கு.: பதிலை அந்தப் பையனிடம் வாயால் சொல்லி அனுப்பாதே, கூட இருப்பவர்களை எழுதச் சொல்லவும் வேண்டாம். இரண்டு வரியானாலும் நீயே உன் கையால் எழுது. எழுத்து கோணலாக இருந்தால் பரவாயில்லை.