மைக்செட் அண்ணனுக்கு என் நன்றி

திருவள்ளுவர் நாளான தை 2 அன்று மாலை, எங்கள் தெருப் பொங்கல் விழா மேடையில், திருக்குறளின் 40ஆம் அதிகாரமான ‘கல்வி’யின் 10 குறள்களையும் ஒப்புவிக்க என் ஆறு வயது மகள் முதன்முறையாக ஏறினாள். உறவினர் வந்தாலே கதவுக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளும் பிள்ளை அவள்.

யாரும் சொல்லாமலேயே நீங்கள் வந்து, மைக் ஸ்டாண்டை அவள் வாயருகே இறக்கி, கண்ணைக் கூசச்செய்த விளக்கையும் வேறு பக்கம் திருப்பினீர்கள். மூன்று குறள்கள் தடையின்றி வந்தன. நான்காவதில் குரல் நின்றுபோய், பாவாடையைக் கசக்கிக்கொண்டு நின்றாள். நானோ கீழிருந்து “சொல்லும்மா, சொல்லு” என்று கத்தி (பெற்றோருக்கே உரிய அறியாமை) அவளை மேலும் கலங்கடித்தேன். நீங்கள் மட்டும் ஸ்பீக்கர் பெட்டியின் மறைவில், அவள் கண்ணுக்கு மட்டும் தெரியும்படி குந்தி அமர்ந்து, சத்தமே இல்லாத உதட்டசைவில் ‘உவப்பத்’ என்ற ஒரே சொல்லை எடுத்துக்கொடுத்தீர்கள். அதைப் பற்றிக்கொண்டு அவள் பத்தாவது குறள்வரை சொல்லி முடிக்கும்வரை நீங்கள் அவ்விடத்தை விட்டு எழவே இல்லை.

பரிசளிப்பு முடிந்து நான் தேடி வருவதற்குள் உங்கள் வண்டி கிளம்பிவிட்டது. விழாக்குழுவினருக்கும் உங்கள் பெயர் தெரியவில்லை. மனமார்ந்த நன்றி, அண்ணா. அந்த மாமாவுக்குக் குறள் எப்படித் தெரியும் என்று மகள் கேட்டுக்கொண்டே இருக்கிறாள். அடுத்த பொங்கலுக்கு வந்தால் அவளிடம் நீங்களே சொல்லுங்கள்.