சென்ற மாதக் கச்சேரி குறித்து வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள ரசிகப் பெருமக்களுக்கு,

வணக்கம். மயிலாப்பூரில் நாங்கள் நடத்திய வீணையும் ஸ்டிரிங் குவார்ட்டெட்டும் (இரண்டு வயலின், ஒரு வயோலா, ஒரு செல்லோ கொண்ட மேற்கத்தியக் குழு) சேர்ந்த கூட்டுக் கச்சேரியைப் பற்றி வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றிவரும் குறிப்பை உங்களில் பலர் படித்திருப்பீர்கள். நாற்காலி நெருக்கம், ஆறிப்போன காப்பி ஆகியவற்றைப் பற்றி அதில் எழுதியிருப்பதற்கு நாங்கள் மறுப்புச் சொல்லவில்லை. "சுருதியே சேரவில்லை" என்ற வரியையும், இந்தக் கூட்டிசையைக் "கலப்படம்" என்றதையும் மட்டும் அப்படியே விட்டுவிட மனம் ஒப்பவில்லை.

வழக்கமாக மூன்று கட்டையில் (மேற்கத்திய ‘ஈ’ சுருதியில்) வாசிக்கும் வீணைக் கலைஞர் இந்நிகழ்ச்சிக்கென இரண்டு கட்டைக்கு (‘டி’ சுருதிக்கு) இறங்கி, தந்திகளையும் அதற்கேற்ப மாற்றிக் கட்டினார். வயலின், வயோலா, செல்லோ மூன்றுக்கும் பொதுவான டி, ஏ, ஜி தந்திகள் அந்தச் சுருதியில் விரல் வைக்காமலே ஷட்ஜம், பஞ்சமம், மத்தியமமாக (ச, ப, ம) ஒலிக்கும் என்பதே காரணம். மிருதங்கமும் தக்குச் சுருதிக்கு, அதாவது தாழ்ந்த சுருதிக்கு, உரியதாகவே வந்தது.

குறிப்பில் சுட்டப்பட்ட இடம், சங்கராபரண ராகத்தில் செல்லோ ஷட்ஜத்தையும் வயோலா பஞ்சமத்தையும் பிடித்து நிற்க, இரண்டாம் வயலின் அந்தர காந்தாரத்தை (அந்த ராகத்தின் ‘க’ ஸ்வரத்தை) அசைவின்றி நீட்டிய இடம். ஷட்ஜத்தோடு இயல்பாக இழையும் காந்தாரம், கீபோர்டின் காந்தாரத்தைவிட ஏறத்தாழ 14 சென்ட், அதாவது அரைஸ்வரத்தில் (கீபோர்டில் அடுத்தடுத்த இரு விசைகளின் இடைவெளியில்) ஏழில் ஒரு பங்கு, தாழ்ந்தது. வீணையின் மெட்டுகளோ (தந்தியை அழுத்தும் இடங்களில் உள்ள உலோகத் தண்டுகள்) அந்த இயல்பான காந்தாரத்துக்கே அமைத்து மெழுகில் பதிந்தவை. மேளம் கட்டியபின், அதாவது மெட்டுகளை அமைத்துப் பதித்தபின், மேடையில் நகர்த்த வழியில்லை. மெட்டே இல்லாத வயலின்தான் வீணையை நோக்கி இறங்கி வந்தது. ஒத்திகையின் பெரும்பகுதியும் அதற்கே போயிற்று. கீபோர்டுக்குப் பழகிய காதுக்கு அது குறைவாகப் பட்டிருக்கலாம். அதைச் சுருதிப் பிசகு என்று எழுதுவது நியாயமா என்பதை உங்கள் தீர்ப்புக்கே விடுகிறோம்.

"கலப்படம்" என்ற சொல்லுக்கு நீண்ட பதில் தேவையில்லை; மேற்கத்திய இசையோடு சேர்வது நமக்குப் புதிதல்ல. மதராசுக்கு அருகே மணலியில் முத்துசுவாமி தீட்சிதரின் தம்பி பாலுசுவாமி தீட்சிதர் ஓர் ஐரோப்பியரிடம் வயலின் பயின்றதும், முத்துசுவாமி தீட்சிதர் ஆங்கிலேய பாண்டு வாத்திய இசைமெட்டுகளுக்கு நோட்டுஸ்வர சாகித்தியம் (பாடல் வரிகள்) இயற்றியதும் நீங்கள் அறியாதவை அல்ல.

மழையிலும் வந்து, கடைசித் தில்லானா முடியும்வரை எழாமல் இருந்தவர்களுக்கும், மறுநாளே தொலைபேசியில் அழைத்துத் தேறுதல் சொன்ன மூத்த ரசிகர்களுக்கும் எப்படி நன்றி சொல்வதென்று தெரியவில்லை. உங்களை நம்பித்தான் இந்தச் சிறு நிறுவனம் ஓடுகிறது. அரங்க வாடகை ஏறிவிட்டது. செல்லோவுக்கு விமானத்தில் தனி இருக்கை எடுக்க வேண்டியிருக்கிறது (அதற்குச் சாப்பாடு மட்டும் தருவதில்லை). எங்கள் ஒலிப்பொறியாளரும் வேறு வேலைக்குச் சென்றுவிட்டார். ஆகவே அடுத்த நிகழ்ச்சி முதல் நுழைவுச்சீட்டு 750 ரூபாய், ஜிஎஸ்டி தனி.

அடுத்த ஒத்திகையைக் காண விரும்புவோர் முன்கூட்டியே தெரிவித்தால் இடம் ஒதுக்குகிறோம். அந்தக் குறிப்பை எழுதிய அன்பரும் வரலாம். கீபோர்டு ஒன்றும் அங்கே இருக்கும்.

அன்புடன்,
உரிமையாளர்